ஃபெரஸ், ஃபெரிக், இரும்பு(Ⅲ): ஒரே உலோகத்துக்கு எதற்கு இத்தனை பெயர்?

ரேஷன் கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியதிலிருந்து, அதில் என்னதான் கலக்கிறார்கள் என்ற கேள்வி ஓயவில்லை. நூறு மணிக்கு ஒரு மணி வீதம் சேர்க்கப்படும் அந்த அரிசியில் இருக்கும் இரும்புச்சத்தின் பெயர் ஃபெரிக் பைரோபாஸ்பேட். பள்ளிகளில் வாரம் ஒருமுறை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுக்கும் நீல நிற மாத்திரையிலும் இரும்புச்சத்துதான் இருக்கிறது. ஆனால் அதில் வழக்கமாகச் சேர்க்கப்படுவது ஃபெரஸ் சல்பேட். வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்தால் ‘இரும்பு(Ⅲ) குளோரைடு’ என்று மூன்றாவதாக ஒரு பாணி தென்படுகிறது.

ஃபெரிக், ஃபெரஸ், அடைப்புக்குறிக்குள் ஒரு ரோமன் எண் ஆகிய மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வருகின்றன: அந்தச் சேர்மத்தில் இரும்பு அணு ஒவ்வொன்றும் எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்பதை. இதை மனப்பாடம் செய்து மறந்துபோன தலைமுறைகள் பல. உண்மையில் மனப்பாடத்துக்கு இங்கே வேலை குறைவு. உலோகத்தின் எண் உலோகத்தின் மேல் எழுதியிருக்காது, அதோடு சேர்ந்திருக்கும் எதிரயனியை, அதாவது எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட துணையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் கூட்டல், வகுத்தல்தான்.

## முதலில் அடிப்படை

ஓர் அணுவில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருக்கும். எலக்ட்ரான் ஒன்று போனால் அணுவுக்கு 1+ மின்சுமை வரும், இரண்டு போனால் 2+. இப்படி எலக்ட்ரானை இழந்தது நேரயனி, எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது எதிரயனி. பொதுவாக உலோகங்கள் இழக்கும், அலோகங்கள் வாங்கும். இரண்டும் ஈர்த்துக்கொண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்தால் அது அயனிச் சேர்மம்.

சேர்மத்துக்கு ஒரே நிபந்தனைதான். நேர்மின்சுமைகளையும் எதிர்மின்சுமைகளையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாமே இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருபவை.

எதிரயனிகளின் மின்சுமை மாறாது. அடிக்கடி தேவைப்படுபவை இவை:

- 1– உள்ளவை: ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட்
- 2– உள்ளவை: ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட்
- 3– உள்ளவை: நைட்ரைடு, பாஸ்பேட்
- 4– உள்ளது: பைரோபாஸ்பேட்

மனப்பாடம் என்று ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இந்தப் பட்டியலைச் செய்தால் போதும். சல்பேட், நைட்ரேட் போன்றவை பல அணுக்கள் சேர்ந்த அயனிகள். அவற்றைப் பிரிக்காமல் ஒரே பொருளாகவே எண்ண வேண்டும்.

## சோடியத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஏன் இரண்டு?

எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க ஆற்றல் செலவாகும். சோடியத்தின் முதல் எலக்ட்ரானை எடுக்க, ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) அணுக்களுக்கு ஏறத்தாழ 496 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதை எடுக்க 4562 கிலோஜூல். ஒன்பது மடங்குக்கும் மேல்! முதல் எலக்ட்ரான் வெளிக்கூட்டில் தனியாக இருந்தது, அடுத்தது நிரம்பிய உள்கூட்டிலிருந்து வர வேண்டும். சாதாரண வேதிவினை எதுவும் அந்த விலையைக் கொடுக்காது. அதனால் சோடியம் எங்கே போனாலும் 1+ தான்.

இரும்பின் கதை வேறு. அதற்கு முதல் மூன்று எலக்ட்ரான்களின் கணக்கு முறையே 762, 1562, 2957 கிலோஜூல். செலவு ஏறுகிறது, ஆனால் சோடியத்தைப் போல ஒரே தாவலில் எகிறவில்லை. முதல் இரண்டு எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டிலிருந்து போகும். மூன்றாவது, ஆற்றலில் அதற்கு மிக நெருக்கமான உள் துணைக்கூட்டிலிருந்து போகும். அந்த மூன்றாவதை எடுக்கும் செலவை, அயனிகள் சேரும்போது வெளிப்படும் ஆற்றல் ஈடுகட்டினால் 3+ வரும், இல்லாவிட்டால் 2+ உடன் நிற்கும்.

எது வரும் என்பதை எதிரே இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். சூடான இரும்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் இரும்பு 3+ ஆகும். அதே இரும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் 2+ தான் ஆகும். அயோடினோடு சேர்த்தாலும் 2+ தான், அயோடினுக்கு மூன்றாவது எலக்ட்ரானைப் பறிக்கும் வலு இல்லை.

தனிம அட்டவணையின் நடுப்பகுதியில் உள்ள இடைநிலைத் தனிமங்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரும்பு, தாமிரம், குரோமியம், மாங்கனீசு, கோபால்ட் எல்லாம் அந்தக் கூட்டம். அதற்கு வெளியே வெள்ளீயமும் ஈயமும் 2+, 4+ என்று மாறும். முதல் தொகுதி (1+), இரண்டாம் தொகுதி (2+), அலுமினியம் (3+), துத்தநாகம் (2+), வெள்ளி (நடைமுறையில் 1+) ஆகியவை மாறாதவை. மாறாத உலோகத்துக்குப் பெயரில் எண் தேவையில்லை. சோடியம் குளோரைடு என்றாலே எல்லாம் சொல்லியாயிற்று.

மாறும் தன்மையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மாறுபடும் இணைதிறன்’ என்கின்றன. இலங்கையில் இணைதிறனை ‘வலுவளவு’ என்று படித்திருப்பார்கள். பொருள் ஒன்றுதான்.

## அன்னபேதியிலிருந்து ரோமன் எண் வரை

ஒரே உலோகம் வெவ்வேறு உப்புகளாக வருவது மின்சுமை பற்றி யாரும் பேசுவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம். நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் வெளிர்பச்சைப் படிகம் இரும்பின் 2+ சல்பேட். துருசு என்கிற மயில்துத்தம் தாமிரத்தின் 2+ சல்பேட். சித்த மருத்துவத்தில் பாதரசத்தின் இரண்டு குளோரைடுகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: பூரம், வீரம். பூரம் பாதரசம்(Ⅰ) குளோரைடு, நீரில் அநேகமாகக் கரையாது. வீரம் பாதரசம்(Ⅱ) குளோரைடு, நீரில் கரையும், கொடிய நஞ்சு. பூரமும் தீங்கற்றதல்ல. ஆனால் இரண்டையும் மாற்றி எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் பெயர்கள் கறாராகப் பிரிந்திருந்தன.

இந்தப் பெயர்களில் ஒரு குறை இருக்கிறது. பூரம் என்ற சொல்லைப் பார்த்து அதில் பாதரசம் இருப்பதை யாராலும் ஊகிக்க முடியாது. ஐரோப்பாவிலும் இதே சிக்கல்தான். 1787இல் வேதியியலாளர் லவாய்சியேயும் அவருடைய கூட்டாளிகளும் பிரான்சில் புதிய பெயரிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். எந்தத் தனிமங்கள் சேர்ந்திருக்கின்றனவோ அவற்றின் பெயரே சேர்மத்தின் பெயராக வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்த மரபிலிருந்து வளர்ந்ததுதான் ‘அஸ்’, ‘இக்’ விகுதிகள். குறைந்த மின்சுமைக்கு அஸ், கூடிய மின்சுமைக்கு இக். உலோகத்தின் லத்தீன் பெயரோடு அவை ஒட்டிக்கொண்டன:

- இரும்பு: ஃபெரஸ் 2+, ஃபெரிக் 3+
- தாமிரம்: குப்ரஸ் 1+, குப்ரிக் 2+
- பாதரசம்: மெர்குரஸ் 1+, மெர்குரிக் 2+
- வெள்ளீயம்: ஸ்டேனஸ் 2+, ஸ்டேனிக் 4+

பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் ஓட்டை தெரியும். குப்ரிக்கும் 2+, ஃபெரஸும் 2+. ‘இக்’ என்பது ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் நான்கு. விகுதி எண்ணைச் சொல்வதில்லை, இரண்டில் எது பெரியது என்பதை மட்டும் சொல்கிறது. மாங்கனீசு 2, 3, 4, 6, 7 என்று ஐந்து நிலைகளில் வரும். இரண்டு விகுதிகளை வைத்துக்கொண்டு ஐந்தை எப்படிச் சொல்வது?

ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919இல் சொன்ன தீர்வு எளிமையானது. உலோகத்தின் பெயரை அப்படியே வையுங்கள், அதன் மின்சுமையை ரோமன் எண்ணில் அடைப்புக்குறிக்குள் ஒட்டி எழுதுங்கள். இரும்பு(Ⅱ), இரும்பு(Ⅲ), மாங்கனீசு(Ⅳ). படிக்கும்போது ‘இரும்பு மூன்று குளோரைடு’ என்றே படிக்கலாம். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பின்னர் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. ஸ்டாக் பல ஆண்டுகள் பாதரசக் கருவிகளோடு வேலை செய்து, அதன் ஆவியால் நோயுற்றவர். 1926இல் தன் உடல்நிலையையே சான்றாக வைத்துப் பாதரசத்தின் ஆபத்தைப் பற்றி எழுதினார். சக ஆய்வாளர்கள் பலரை அந்த எச்சரிக்கை காப்பாற்றியிருக்கும். பெயரிடும் முறைக்காக மட்டும் அவரை நினைவுகூர்வது போதாது.

பழைய பெயர்கள் மருந்துச் சீட்டிலும் உரமூட்டையிலும் பற்பசை உறையிலும் இன்னும் இருக்கின்றன. ஆகவே ஃபெரஸ், ஃபெரிக், குப்ரஸ், குப்ரிக் நான்கையாவது அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புதிதாகப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ரோமன் எண் முறையே மேல்.

## வாய்பாட்டிலிருந்து பெயருக்கு

சேர்மத்தில் எத்தனை உலோக அணு, எத்தனை எதிரயனி என்று வாய்பாடு சொல்லிவிடும். அப்புறம் செய்ய வேண்டியது:

1. உலோகம் மாறும் ரகமா என்று பாருங்கள். மாறாத ரகம் என்றால் எண் வேண்டாம், வேலை முடிந்தது.
2. எதிரயனி எது, அதன் மின்சுமை எவ்வளவு என்று பாருங்கள்.
3. எதிரயனியின் மின்சுமையை அதன் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இது மொத்த எதிர்மின்சுமை.
4. உலோக அணுக்கள் எல்லாம் சேர்ந்து அதே அளவு நேர்மின்சுமை தர வேண்டும். அதை உலோக அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அணுவின் பங்கு கிடைக்கும்.
5. அந்தப் பங்கை ரோமன் எண்ணில் உலோகத்தின் பெயரோடு ஒட்டி எழுதி, பிறகு எதிரயனியின் பெயரை எழுதுங்கள்.

ரேஷன் அரிசியில் இருக்கும் சேர்மத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு இரும்பு அணுக்களுக்கு மூன்று பைரோபாஸ்பேட் அயனிகள். பைரோபாஸ்பேட்டின் மின்சுமை 4–. மூன்றுக்கு 12–. இரும்பின் பக்கம் 12+ வர வேண்டும், அணுக்கள் நான்கு, ஆளுக்கு 3+. பெயர் இரும்பு(Ⅲ) பைரோபாஸ்பேட். ஃபெரிக் என்று உறையில் போட்டிருப்பது சரிதான்.

தாமிரத்தின் இரண்டு ஆக்சைடுகள் இன்னொரு நல்ல உதாரணம். ஒரு தாமிரம், ஓர் ஆக்சிஜன் என்றால் மொத்த எதிர்மின்சுமை 2–, தாமிரம் 2+. அது தாமிரம்(Ⅱ) ஆக்சைடு, கறுப்பு. இரண்டு தாமிரம், ஓர் ஆக்சிஜன் என்றால் அதே 2– ஐ இரண்டு தாமிரங்கள் பங்குபோடுகின்றன, ஆளுக்கு 1+. அது தாமிரம்(Ⅰ) ஆக்சைடு, செங்கல் சிவப்பு. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பழைய பெனடிக்ட் சோதனையில் இந்த இரண்டு நிலைகளையும் கண்ணால் பார்க்கலாம். கரைசல் முதலில் நீலம், அது தாமிரம் 2+. சர்க்கரையோடு சூடாக்கும்போது பச்சை, மஞ்சள் என்று மாறி, சர்க்கரை நிறைய இருந்தால் செங்கல் நிறப் பொடியாக அடியில் படியும். குளுக்கோஸ் ஒவ்வொரு தாமிர அயனிக்கும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து 1+ ஆக்கிவிட்டது. ரோமன் எண் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது.

## பெயரிலிருந்து வாய்பாட்டுக்கு

இது எளிய பக்கம், சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெயரில் இருக்கும் ரோமன் எண்ணே உலோகத்தின் மின்சுமை. எதிரயனியின் மின்சுமை பட்டியலில் இருக்கிறது. இரண்டும் சமமாக எத்தனை எத்தனை தேவை என்று பார்த்தால் போதும். இரும்பு(Ⅲ) சல்பேட் என்றால் 3+ உம் 2– உம் சந்திக்கும் எண் 6. இரண்டு இரும்பு, மூன்று சல்பேட். வெள்ளீயம்(Ⅳ) ஆக்சைடு என்றால் 4+ ஐ ஈடுகட்ட இரண்டு ஆக்சிஜன், வெள்ளீயம் ஒன்று. விகிதத்தைச் சுருக்கி எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

## சறுக்கும் இடங்கள்

1. எண்ணை அணுக்களின் எண்ணிக்கை என்று நினைப்பது. தாமிரம்(Ⅰ) ஆக்சைடில் தாமிர அணுக்கள் இரண்டு. இரும்பு(Ⅲ) சல்பேட்டில் இரும்பு அணுக்கள் இரண்டுதான். ரோமன் எண் மின்சுமையை மட்டுமே சொல்கிறது.

2. குறுக்காக மாற்றியதைத் திரும்பக் குறுக்காக மாற்றுவது. அதிகப் பிழை நடப்பது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெயரிலிருந்து வாய்பாடு எழுத, பள்ளியில் ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள்: உலோகத்தின் மின்சுமை எண்ணை எதிரயனிக்குக் கீழேயும், எதிரயனியின் எண்ணை உலோகத்துக்குக் கீழேயும் போடு, பிறகு சுருக்கு. அது வேலை செய்யும். அதையே தலைகீழாகச் செய்து, வாய்பாட்டில் எதிரயனிக்குக் கீழே இருக்கும் எண்ணை உலோகத்தின் மின்சுமை என்று எடுத்துக்கொண்டால் பல இடங்களில் கவிழ்ந்துவிடும்.

   கார் பேட்டரியின் நேர்த்தகட்டில் இருக்கும் பழுப்புப் பொருளைப் பாருங்கள். ஓர் ஈயம், இரண்டு ஆக்சிஜன். திரும்பக் குறுக்காக மாற்றினால் ஈயம் 2+ என்று வரும். கணக்கைப் போட்டால் இரண்டு ஆக்சிஜனுக்கு 4–, ஈயம் ஒன்றே ஒன்று, எனவே 4+. பெயர் ஈயம்(Ⅳ) ஆக்சைடு. குறுக்காக மாற்றியதும் வாய்பாடு இரண்டுக்கு நான்கு என்று இருந்து ஒன்றுக்கு இரண்டு என்று சுருங்கிவிட்டது. சுருக்கியபோது மின்சுமை பற்றிய தகவல் அழிந்துபோனது, அதைத் திரும்ப எடுக்க எதிரயனியைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. இங்கே எண் தவறினால் பேட்டரி வேலை செய்வதே புரியாது. மின்சாரம் தரும்போது நேர்த்தகட்டின் ஈயம்(Ⅳ) எலக்ட்ரான் வாங்கி ஈயம்(Ⅱ) ஆகிறது. எதிர்த்தகட்டின் உலோக ஈயம் எலக்ட்ரான் கொடுத்து அதே ஈயம்(Ⅱ) ஆகிறது. இரண்டு தகட்டிலும் படிவது ஈயம்(Ⅱ) சல்பேட்.

   குறுக்குவழியை முதல் பாடத்திலேயே சொல்லித் தராமல் மின்சுமைக் கணக்கைப் பழக்கிவிட்டுச் சொல்லித் தந்தால் இந்தப் பிழை பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

3. எதிரயனி உண்மையில் எது என்று பாராமல் விடுவது. தங்கம் போல மின்னும் பைரைட் கனிமத்தில் ஓர் இரும்பு, இரண்டு கந்தகம். சல்பைடு 2– என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இரும்பு 4+ என்று வரும். ஆனால் அதில் இரண்டு கந்தக அணுக்கள் தமக்குள் பிணைந்து, ஒரே அயனியாக 2– மின்சுமையோடு இருக்கின்றன. எனவே இரும்பு 2+ தான், பெயர் இரும்பு(Ⅱ) டைசல்பைடு. வழக்கமில்லாத எண் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

4. பாதரசம்(Ⅰ). இதில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஜோடியாக 2+ மின்சுமை கொண்டிருக்கும். அணுவுக்கு 1+ என்பதால் பெயரில் Ⅰ. பூரத்தின் வாய்பாட்டை இரண்டு பாதரசம், இரண்டு குளோரின் என்றே எழுத வேண்டும், ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கக் கூடாது.

5. டை, ட்ரை சேர்ப்பது. மாங்கனீசு டைஆக்சைடு, இரும்பு ட்ரைகுளோரைடு என்ற பெயர்கள் புழக்கத்தில் உள்ளன, அவை தவறும் அல்ல. ஆனால் அவை சொல்வது அணுக்களின் எண்ணிக்கையை. மின்சுமையைத் தெரிந்துகொள்ள மறுபடி கணக்குப் போட வேண்டும். ‘டை’யும் ரோமன் எண்ணும் ஒரே தகவல் என்று குழப்பிக்கொள்வதுதான் பிழை.

## இரண்டு மின்சுமையும் ஒரே சேர்மத்தில்

சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் தாதுவில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். மொத்தம் 8–. அதை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. கணக்கு தப்பாகிவிட்டதா? இல்லை. மூன்று இரும்பில் ஒன்று 2+, மற்ற இரண்டும் 3+. கூட்டினால் 8+. எனவே பெயர் இரும்பு(Ⅱ,Ⅲ) ஆக்சைடு. வகுத்தல் பின்னத்தில் முடிந்தால், ஒரே உலோகம் இரண்டு நிலைகளில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயச் செந்தூரமும் இப்படித்தான். மூன்று ஈயத்துக்கு நான்கு ஆக்சிஜன், இரண்டு ஈயம் 2+, ஒன்று 4+.

## எண் மாறினால் என்ன மாறும்?

சில ஊர்களில் போர் தண்ணீர் குடத்தில் பிடிக்கும்போது கண்ணாடி போல இருக்கும். சில மணி நேரத்தில் பழுப்பாகி அடியில் வண்டல் தங்கும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, அங்கே இரும்பு 2+ ஆகக் கரைந்திருக்கிறது. வெளியே வந்ததும் காற்றின் ஆக்சிஜன் இன்னும் ஓர் எலக்ட்ரானைப் பறித்து 3+ ஆக்குகிறது. இரும்பு(Ⅲ) ஹைட்ராக்சைடு நீரில் கரையாது, அதுதான் வண்டல். வெள்ளை வேட்டியில் படியும் கறையும் அதுவே. தண்ணீரைக் காற்றில் தெளித்து, வண்டலைப் படியவிட்டு வடிகட்டும் இரும்பு நீக்கும் தொட்டிகள் இந்த மாற்றத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

இப்போது மாத்திரைக்கும் அரிசிக்கும் வருவோம். குடலின் செல்கள் உப்பு வடிவ இரும்பை 2+ ஆகத்தான் உள்ளே எடுக்கும். 3+ ஆக வந்தால் முதலில் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து 2+ ஆக்க வேண்டும். வைட்டமின் சி அந்த வேலையைச் செய்யும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவுவது ஒரு பகுதி இதனால்தான். மருந்துக்கு ஃபெரஸ் சல்பேட்டைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது, அது கரையும், எளிதில் உட்கிரகிக்கப்படும்.

அப்படியானால் அரிசியிலும் அதையே போடலாமே? கரைவதுதான் சிக்கல். கரையும் இரும்பு(Ⅱ) உப்புகள் உணவின் நிறத்தை மாற்றும், உலோகச் சுவை தரும், கொழுப்பைச் சிக்கு வாடை அடிக்க வைக்கும். இரும்பு(Ⅲ) பைரோபாஸ்பேட் வெளிறிய நிறம், நீரில் அநேகமாகக் கரையாது, சோற்றின் நிறமும் ருசியும் கெடாது. அதற்கு விலையாக உட்கிரகிப்பு குறைகிறது. எனவே இரும்பின் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் பேச நிறைய இருக்கிறது. ‘மாத்திரையில் இருக்கும் அதே இரும்புதான் அரிசியிலும்’ என்று சொல்லி விவாதத்தை முடிப்பது மட்டும் சரியல்ல.

## உலோகம் எதிரயனிக்குள் ஒளிந்திருக்கும்போது

கடைசியாக, ரோமன் எண்ணே எழுதப்படாத இடம் ஒன்று உண்டு. கிணற்றில் போடும் ஊதா நிறப் படிகம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். பெயரின் முதல் பாதியில் இருப்பது பொட்டாசியம், மாறாத 1+. அதனால் எண் இல்லை. மாறும் உலோகமான மாங்கனீசு இரண்டாம் பாதியில், பெர்மாங்கனேட் என்ற எதிரயனிக்குள் இருக்கிறது. ஒரு மாங்கனீசு, நான்கு ஆக்சிஜன், ஒரு பொட்டாசியம். ஆக்சிஜன்கள் 8–, பொட்டாசியம் 1+, மீதி 7+ மாங்கனீசின் பங்கு. இங்கே மாங்கனீசு உண்மையிலேயே ஏழு எலக்ட்ரான்களை இழந்துவிட்ட அயனி அல்ல. ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. கணக்குக்காக ஒதுக்கப்படும் இந்த எண்ணை ஆக்சிஜனேற்ற எண் என்பார்கள். எளிய அயனிச் சேர்மங்களில் மின்சுமையும் ஆக்சிஜனேற்ற எண்ணும் ஒன்றே.

சோடியம் டைகுரோமேட்டும் இந்த ரகம். இரண்டு சோடியம் 2+, ஏழு ஆக்சிஜன் 14–, மீதி 12+ ஐ இரண்டு குரோமியம் பங்குபோட, ஆளுக்கு ஆறு. செய்திகளில் ‘ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்’ என்று வருவது இந்த குரோமியம்(Ⅵ).

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்(Ⅲ) சல்பேட். அதைத் தயாரிக்க, குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு வறுத்து முதலில் குரோமியம்(Ⅵ) ஆக்குவார்கள், பிறகு அதை Ⅲ ஆகக் குறைப்பார்கள். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது அந்த வறுத்த தாதுவின் கழிவு. மழை நீர் அதிலிருந்து குரோமியம்(Ⅵ) ஐக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டுபோனது. சுற்றுவட்டாரத்தில் நீர் மஞ்சளாக வந்ததற்குக் காரணம் குரோமேட் அயனியின் நிறம்.

Ⅲ உம் Ⅵ உம் உடலில் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. குரோமியம்(Ⅲ) செல்லின் சவ்வைத் தாண்டுவது அரிது. குரோமேட் அயனி வடிவத்திலும் 2– மின்சுமையிலும் சல்பேட்டை ஒத்திருக்கிறது. சல்பேட்டுக்கென்று செல்லில் இருக்கும் வழியாகவே அது உள்ளே போய்விடும், உள்ளே போய் எலக்ட்ரான்களைப் பறித்து மரபுப் பொருளைச் சிதைக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை குரோமியம்(Ⅵ) சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குரோமியம்(Ⅲ) அந்தப் பிரிவில் இல்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது மொத்த குரோமியத்துக்கு. பரிசோதனை அறிக்கையில் ‘குரோமியம்’ என்று ஒரே ஓர் எண் இருந்தால் அது Ⅲ, Ⅵ இரண்டும் சேர்ந்தது, எது எவ்வளவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. தோல் ஆலை, முலாம் பூசும் பட்டறை, குரோமேட் கழிவு இவற்றின் அருகில் எடுத்த தண்ணீர் என்றால், ஆறு என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு சோதனை கேட்டு வாங்க வேண்டும். அறிக்கையில் அது ‘குரோமியம்(Ⅵ)’ என்றோ ‘ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்’ என்றோ தனி வரியாக வரும்.